கூட்ட அறிவிப்பும் பொருள் நிரலும் நடவடிக்கைக் குறிப்பும்

(வள்ளூரில் சங்க இளைஞர்களுக்கென நடைபெற்ற பயிற்சிக் கூட்டத்தில் அரசினர் பள்ளித் தலைமையாசிரியர் ஒருவர் ஆற்றிய உரை)

 

வெள்ளி விழாக் குழுவினர் நம்மைச் சந்தித்து, இளைஞர்களுக்குப் பயன்படத்தக்க பொருளொன்று பற்றிப் பேசுமாறு கேட்டுக்கொண்டனர். கல்வியின் மேன்மையையும் ஒற்றுமையின் வலிமையையும் பற்றிப் பேசவல்லார் இம்மேடையிலேயே பலர் உளர். ஆகவே, கேட்பதற்குச் சற்று வறண்டதாயினும் எவரும் எடுத்துப் பேசாத பொருளொன்றை நாம் தேர்ந்துகொண்டோம். ஒரு சங்கத்தின் கூட்டத்திற்கு அறிவிப்பு எழுதுவது எங்ஙனம், அக்கூட்டத்தில் ஆராய வேண்டிய பொருள்களை நிரல்படுத்துவது எங்ஙனம், நடந்தவற்றை ஏட்டில் பதிவது எங்ஙனம் என்பதே அது. மக்கள் வழக்கில் சொன்னால் நோட்டீசு, அஜெண்டா, மினிட் புத்தகம்.

பின்வரிசையில் சிலர் புன்னகை செய்கின்றனர். பள்ளியில் கடிதம் எழுதக் கற்ற பாடத்தோடு இதுவும் முடிந்துவிட்டதென அவர்கள் கருதக்கூடும். தேர்வில் ஐந்து மதிப்பெண்ணுக்காக எழுதுவதற்கும் ஊராரின் உரிமைக்காக எழுதுவதற்கும் உள்ள வேறுபாட்டை ஒரு நிகழ்ச்சி கொண்டு விளக்குவோம்.

நாம் முன்னர்ப் பணியாற்றிய ஊரொன்றில் நம் மக்கள் இடுகாட்டிற்குச் செல்லும் பாதையை நிலக்கிழார் ஒருவர் முள்வேலியிட்டு அடைத்துவிட்டார். ஊர்ச் சங்கத்தார் திரண்டு அலுவலகம் சென்றனர். அங்கிருந்த அலுவலர், "இதற்கு முன் மனுக் கொடுத்ததுண்டா? சங்கத்தில் தீர்மானம் நிறைவேற்றியதுண்டா?" என வினவினார். "பதினைந்து ஆண்டுகளாகப் பேசி வருகின்றோம் ஐயா" எனப் பெரியவர்கள் விடையிறுத்தனர். சங்க ஏடு கொண்டுவரப்பட்டது. அதில் மூன்று இடங்களில் இச்செய்தி இருந்தது. மூன்றிலும் ஒரே வாசகம்: "பாதை பற்றி விவாதிக்கப்பட்டது. ஆவன செய்வதென முடிவு செய்யப்பட்டது." எந்தப் பாதை? எங்கிருந்து எதுவரை? புல எண் என்ன? ஆவன செய்ய வேண்டியவர் யார்? ஒன்றும் இல்லை. ஓரிடத்தில் நாளும் திங்களும் இருந்தன, ஆண்டு இல்லை. எதிர்த் தரப்பினர் கையிலோ அளவுகளோடு கூடிய ஒரு தாள் இருந்தது. அலுவலர் தீயவர் அல்லர். அவர் கையில் கொடுப்பதற்கு நம்மவரிடம் ஒன்றுமில்லை, அவ்வளவே. அவ்வாண்டு மழைக்காலத்தில் முழங்காலளவு சேற்றில், வரப்பின் மேல் பாடை சுமந்து சென்றதை நாம் கண்டோம்.

பதினைந்து ஆண்டுகள் பேசியது பொய்யன்று. ஆயினும் அப்பேச்சுக்குச் சான்று இல்லாமற் போயிற்று. நம் பகுதியை எண்ணிப் பாருங்கள். நம் ஊரின் பெயரைத் தாங்கி நிற்கும் அனல் மின் நிலையம் மூன்று அலகுகளில் 1500 மெகாவாட் மின்சாரம் ஆக்கும் திறனுடையது. அப்பால் எண்ணூர், அத்திப்பட்டு, துறைமுகம் என எங்கு நோக்கினும் பெரு நிறுவனங்கள். அவை ஒவ்வொன்றும் எத்தனை கூட்டங்களின், எத்தனை குறிப்பேடுகளின் விளைவாக எழுந்தவை! ஓர் ஆணி வாங்குவதாயினும் அங்கே தாளில் எழுதியே வாங்குகின்றனர். அவர்களோடு பேசச் செல்லும் நாம் வெறுங்கையோடு செல்லுதல் தகுமோ?

முதற்கண் அறிவிப்பைப் பார்ப்போம்.

பண்டை நாளில் கூட்ட அறிவிப்பு என்பது தண்டோராவாக இருந்தது. தெருத்தெருவாகச் சென்று பறையறைந்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் ஊர்க்கூட்டம் என்று கூவியவர் யார்? நம் பாட்டனாரே. அவர் கூவி அழைத்த கூட்டத்தில் அவருக்கு உட்கார இடமுண்டா என்றால், பல ஊர்களில் இல்லை. எட்டி நின்று, கூப்பிட்டபோது பதில் சொல்ல வேண்டும். அறிவிப்பைச் சுமந்தவர் அறிவிப்புக்கு உரியவர் ஆகவில்லை. இவ்வழக்கம் ஏதோ சோழர் காலத்தோடு ஒழிந்ததென எண்ண வேண்டா. தண்டோரா போடுவதை நிறுத்துமாறு தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளர் மாவட்ட ஆட்சியர்களுக்குக் கடிதம் எழுதியது 2022ஆம் ஆண்டு ஆகத்து மாதத்தில்தான்.

எனவே நாம் எழுதும் அறிவிப்பில் முதலில் நோக்க வேண்டியது, அது எவரெவரைச் சென்றடைகின்றது என்பதை. "கூட்டம் வழக்கமான இடத்தில் நடைபெறும்" என்று எழுதுவார் உளர். யாருக்கு வழக்கமான இடம்? புதிதாகச் சேர்ந்த உறுப்பினர்க்கு அது தெரியுமா? மணமாகி இவ்வூருக்கு வந்த பெண்ணுக்குத் தெரியுமா? ஊராட்சியின் அறிவிப்பு ஊர்க் கோவில் வாயிலில் மட்டும் ஒட்டப்பட்டு, நம் குடியிருப்புக்கு வாராமற்போவதைக் குறை கூறும் நாம், நம் சங்க அறிவிப்பைத் தேநீர்க் கடைச் சுவரில் மட்டும் ஒட்டினால், அக்கடைக்குச் செல்லாத நம் தாய்மார்களுக்கு அதே குறையை நாமே செய்தவர் ஆவோம். நேரமும் அத்தகையதே. துறைமுகத்திலும் மின் நிலையத்திலும் ஷிப்ட் முறையில் உழைப்போர் நம்மிடையே மிகப் பலர். பிற்பகல் இரண்டு மணிக்கு ஷிப்ட் மாறும் ஊரில் இரண்டு மணிக்குக் கூட்டம் வைப்பவர், பாதி உறுப்பினர் வர வேண்டா என்று சொல்லாமற் சொல்கின்றார்.

அறிவிப்பில் இருக்க வேண்டியவை பல அல்ல. சங்கத்தின் பெயரும் பதிவெண்ணும், எத்தகைய கூட்டம் என்பது, நாள், கிழமை, நேரம், இடம், ஆராயப்படும் பொருள்கள், அறிவிப்பு எழுதப்பட்ட நாள், அழைப்பவரின் கையொப்பமும் பதவியும். கிழமையை ஏன் எழுத வேண்டுமெனில், தேதியில் பிழை நேர்ந்தால் கிழமை காட்டிக்கொடுக்கும். இதோ ஒரு மாதிரி:

"நம் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்குழுக் கூட்டம் எதிர்வரும் ஞாயிற்றுக்கிழமை மாலை 4.30 மணிக்கு, தொடக்கப் பள்ளியின் பின்புறமுள்ள சங்கக் கட்டடத்தில், தலைவர் தலைமையில் நடைபெறும். கீழ்க்கண்ட பொருள்கள் ஆராயப்படும். உறுப்பினர் அனைவரும் வருகை தர வேண்டுகின்றோம். பெண் உறுப்பினர்கள் தம் குழந்தைகளை உடன் அழைத்து வரலாம்."

இறுதி வாக்கியம் எந்தச் சட்டத்திலும் இல்லை. அதை எழுதிப் பாருங்கள். வருகை எவ்வளவு கூடுகின்றதென்பதைக் காண்பீர்கள். மாதிரியில் நாம் தேதியை எழுதவில்லை. நீங்கள் எழுதும்போது ஆண்டோடு சேர்த்து எழுதுக.

எத்தனை நாள் முன்னதாக அனுப்புவது என்பதைத் துணைவிதி சொல்லும். துணைவிதியைப் படித்தவர் கை தூக்குங்கள் என்றால் இங்கு எத்தனை கை உயருமோ, கேட்டு உங்களைச் சங்கடப்படுத்த விரும்பவில்லை. 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்படி, சிறப்புத் தீர்மானம் கொண்டுவருவதாயின் குறைந்தது 21 நாள் முன்னறிவிப்பு வேண்டும். அது சிறப்புத் தீர்மானம் என்பதையும் அவ்வறிவிப்பிலேயே குறிக்க வேண்டும். வாக்களிப்போரில் நான்கில் மூன்று பங்கினரின் ஆதரவும் வேண்டும். துணைவிதியைத் திருத்துவது போன்ற பெருஞ்செயல்களுக்கு இதுவே வழி. 20 நாளில் கூட்டினால், நூறு பேர் கூடி ஒரே குரலில் ஆம் என்றாலும், பின்னர் ஒருவர் எழுந்து அது செல்லாது என வாதிட இடமுண்டு.

அறிவிப்புக் கிடைத்தது என்பதற்குச் சான்றும் வேண்டும். சுற்றுக்கு விடும் ஏடு ஒன்றில் ஒவ்வொருவரும் நாளிட்டுக் கையொப்பமிடுதல் பழைய முறை. இன்றும் அதனினும் நல்ல முறை இல்லை. வாட்ஸ்அப் குழுவில் செய்தி அனுப்பிவிட்டோம், நீலக்குறி விழுந்துவிட்டது என்று இளைஞர்கள் கூறுகின்றனர். அது நினைவூட்டலுக்கு நன்று. துணைவிதி அதனை அறிவிப்பாக ஏற்காதவரை, நீலக்குறி கையொப்பம் ஆகாது.

அடுத்தது பொருள் நிரல். இதனையும் நிகழ்ச்சி நிரலையும் நம்மவர் குழப்பிக்கொள்கின்றனர். கடவுள் வாழ்த்து அல்லது தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, பொன்னாடை, சிறப்புரை, நன்றியுரை என வருவது விழாவின் நிகழ்ச்சி நிரல். நிருவாகக் குழுவின் கூட்டத்திற்குப் பொன்னாடை வேண்டா. அங்கு வேண்டுவது, எந்தெந்தச் செய்தி மீது முடிவெடுக்கப் போகின்றோம் என்னும் பட்டியல். சென்ற கூட்டக் குறிப்பைப் படித்து உறுதி செய்தல், அதில் கண்ட முடிவுகள் நிறைவேறினவா எனப் பார்த்தல், வரவு செலவு, பின்னர் அன்றைய சிறப்புப் பொருள்கள். "கணக்கு" என்று மட்டும் எழுதுதல் போதாது. "ஏப்ரல் முதல் செப்டம்பர் முடிய வரவு செலவைப் படித்து ஒப்புதல் பெறுதல்" என்றெழுதினால், வருகின்றவர் வினாக்களோடு வருவார். வினாக்களோடு வருவாரே என்றுதான் சிலர் அவ்வாறு எழுதுவதில்லை போலும்!

மிக முக்கியமான பொருளைக் கடைசியில் வையாதீர்கள். ஒன்பது மணிக்குச் செங்குன்றம் செல்லும் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர் எழுந்து போனபின், எஞ்சிய எழுவர் கூடி எடுக்கும் முடிவு எழுவரின் முடிவே. "தலைவர் அனுமதியுடன் இதர பொருள்கள்" என்னும் இறுதி வரியிலும் விழிப்பு வேண்டும். நாற்காலி பழுது பார்த்தல் போன்ற சிறு செய்திகளுக்காக ஏற்பட்ட வாயில் அது. அதன் வழியே நிலம் விற்பதும் நிருவாகியை நீக்குவதும் நுழையுமாயின், வீட்டுக்குச் சென்றுவிட்ட உறுப்பினர் ஏமாற்றப்பட்டவர் ஆகின்றார்.

கிராம சபையிலும் இதே விழிப்பு வேண்டும். முன்னர் ஆண்டுக்கு நான்கு நாள் கூடிய சபை, 2022ஆம் ஆண்டு முதல் மார்ச்சு 22, நவம்பர் 1 ஆகிய நாள்களும் சேர்ந்து ஆறு நாள் கூடுகின்றது. அரசு அனுப்பும் கூட்டப்பொருள் பட்டியல் அங்குப் படிக்கப்படும். அப்பட்டியலில் இல்லாத நம் தெருவின் குறையையும் எழுதிக் கொடுத்துத் தீர்மானமாக்கக் கேட்கலாம். குறைவெண் வரம்பு, அதாவது கோரம் என்கின்றோமே, அது மக்கள்தொகைக்கேற்ப மாறும்: 500 பேர் வரையுள்ள ஊராட்சிக்கு 50, மூவாயிரம் வரை 100, பதினாயிரம் வரை 200, அதற்கு மேல் 300. நம் குடியிருப்பினர் திரண்டு சென்று அமராவிடில் கூட்டமே நிறைவுறாது என்னும் நிலை பல ஊராட்சிகளில் உண்டு. அவ்வெண்ணின் வலிமையை நாம் இன்னும் உணர்ந்தோமில்லை.

இனித் தீர்மானத்தின் வாசகம். இங்குச் சற்று நின்று பேச விழைகின்றோம்.

நம் முன்னோருள் எம். சி. ராஜா அவர்கள் பள்ளி ஆசிரியராக விளங்கியவர். சென்னைச் சட்டமன்றத்தில் உறுப்பினராக அமர்ந்தவர். 1922ஆம் ஆண்டு சனவரி 20ஆம் நாள் அவர் கொண்டுவந்த தீர்மானத்தை நோக்குக. எந்தச் சொற்களை நீக்க வேண்டும், எங்கிருந்து நீக்க வேண்டும், தமிழ் மாவட்டங்களில் அவ்விடத்தில் எச்சொல் வர வேண்டும், தெலுங்கு மாவட்டங்களில் எச்சொல் வர வேண்டும் என நான்கும் அதில் தெளிவாக இருந்தன. பறையர், பஞ்சமர் என்பன அரசின் பதிவேடுகளிலிருந்து நீங்க வேண்டும். ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்பன வர வேண்டும். எங்களை இழிவாக அழைக்கின்றனர், அரசு தக்கது செய்ய வேண்டும் என்று அவர் எழுதியிருப்பாராயின், அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டதாக ஒரு விடை வந்திருக்கும். அவர் எழுதிய தெளிவினால், அவ்வாண்டு மார்ச்சு 25ஆம் நாளே அரசாணை பிறந்தது. நம் சாதிச் சான்றிதழில் இன்றும் அச்சொல் நிற்கின்றது.

மற்றொரு தீர்மானத்தின் வரலாறு வேறு வகையானது. பம்பாய்ச் சட்டமன்றத்தில் 1923ஆம் ஆண்டு எசு. கே. போலே என்பார், பொதுக் குளங்களும் கிணறுகளும் தீண்டப்படாதாருக்கும் திறக்கப்பட வேண்டுமெனத் தீர்மானம் கொணர்ந்து நிறைவேற்றினார். அதனைப் பின்பற்றி மகத் நகராட்சி 1924ஆம் ஆண்டு சவுதார் குளத்தை அனைவர்க்கும் திறந்து தீர்மானித்தது. ஏட்டில் குளம் திறந்தது. கரையில் திறக்கவில்லை. மூன்றாண்டு கழித்து, 1927ஆம் ஆண்டு மார்ச்சு 20ஆம் நாள் அண்ணல் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானோருடன் சென்று அந்நீரை அள்ளிப் பருகியபோதுதான் அத்தீர்மானத்திற்கு உயிர் வந்தது. உடனே என்ன நேர்ந்தது? 1927 ஆகத்து 4ஆம் நாள் அதே நகராட்சி மறுபடி கூடி, 1924ஆம் ஆண்டுத் தீர்மானத்தை நீக்கிற்று! பின்னர் வழக்கு, பம்பாய் உயர் நீதிமன்றம் நம் பக்கம் தீர்ப்பளித்தது 1937ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில். மூன்றாண்டு செயலின்றிக் கிடந்த தீர்மானத்தை நிறைவேற்ற வந்த கூட்டம் தாக்கப்பட்டதும், பத்தாண்டுப் போராட்டமும் வரலாறு.

இதிலிருந்து எழுதுவோர் கொள்ள வேண்டியது ஒன்றுண்டு. தீர்மானத்தின் இறுதியில் யார் செய்வது, எந்நாளுக்குள் செய்வது என்னும் இரண்டும் வேண்டும். நாம் முன்னர்க் கூறிய இடுகாட்டுப் பாதை ஊரார், சேற்றில் நடந்த அவ்வாண்டே தம் தீர்மானத்தைத் திருத்தி எழுதினர். அதன் சாரம் இது:

"குடியிருப்பின் தென்கோடியிலுள்ள கைப்பம்பிலிருந்து இடுகாடு வரை ஏறத்தாழ 240 மீட்டர் நீளமுள்ள வண்டிப்பாதை, கிராம வரைபடத்தில் பாதையெனக் காட்டப்பட்டுள்ளது. இது சென்ற மாதம் வேலியிட்டு அடைக்கப்பட்டது. இதனை அளந்து எல்லைக்கல் நாட்டித் தருமாறு வட்டாட்சியர்க்கு மனுக் கொடுப்பதென்றும், செயலாளரும் உறுப்பினர் இருவரும் பத்து நாள்களுக்குள் நேரில் சென்று கொடுத்து ஒப்புகை பெறுவதென்றும், அடுத்த கூட்டத்தில் ஒப்புகைச் சீட்டை வைப்பதென்றும் தீர்மானிக்கப்பட்டது."

புல எண்ணையும் உறுப்பினர் பெயர்களையும் நாம் இங்கு விட்டுவிட்டோம், அவர்கள் விடவில்லை. பாதை கிடைக்க மேலும் ஆறு ஆண்டுகள் ஆயின. ஆயினும் ஒவ்வோர் அலுவலகத்திலும் அத்தீர்மானத்தின் படியே முதல் தாளாக வைக்கப்பட்டது.

நடவடிக்கைக் குறிப்புக்கு வருவோம். சட்டமன்றங்களிலும் அரசியலமைப்பு அவையிலும் பேசியவை சொல்லுக்குச் சொல் சுருக்கெழுத்தில் எடுக்கப்படும். அவ்வாறு எடுக்கப்பட்டதனால்தான், 1948 நவம்பர் 5ஆம் நாள் டி. டி. கிருட்டிணமாச்சாரி கூறியது இன்று நமக்குக் கிடைக்கின்றது. வரைவுக் குழுவின் எழுவரில் ஒருவர் விலகினார், ஒருவர் மறைந்தார், ஒருவர் அமெரிக்காவில் இருந்தார், ஒருவர் அரசுப் பணிகளில் ஈடுபட்டிருந்தார், ஓரிருவர் உடல்நலங் குறைந்து தில்லிக்குத் தொலைவில் இருந்தனர், முடிவில் வரைவின் பாரமெல்லாம் டாக்டர் அம்பேத்கர் மேல் விழுந்தது என்பது அவர் கூற்றின் கருத்து. அவ்வரிகள் ஏட்டில் ஏறாதிருப்பின், அப்பெருந்தொண்டில் அண்ணலின் பங்கு யாதென வாதாடுவோர்க்கு நாம் எதனைக் காட்டுவோம்?

நம் சங்கத்திற்குச் சுருக்கெழுத்தாளர் வேண்டா. யார் வந்தனர், எப்பொருள் எடுக்கப்பட்டது, என்ன காரணத்தால் என்ன முடிவு எடுக்கப்பட்டது, யார் முன்மொழிந்தார், யார் வழிமொழிந்தார், யார் மறுத்தார் என்பனவே போதும். மறுத்தவர் தம் மறுப்பைப் பதியக் கேட்டால் பதிந்தே தீர வேண்டும். "ஏகமனதாக நிறைவேற்றப்பட்டது" என்னும் தொடரை நம்மவர் பெருமைக்காக எழுதுகின்றனர். ஒருவர் எதிர்த்துப் பேசிய கூட்டத்தில் ஏகமனது ஏது? பெரும்பான்மை என்று எழுதுவதில் சங்கத்திற்கு இழிவொன்றுமில்லை. செயலாளர் தம் பேச்சை மட்டும் இரண்டு பக்கம் எழுதிப் பிறர் பேச்சை "சிலர் பேசினர்" என முடிப்பதும் உண்டு. அதுவும் தகாது.

கூட்டத்திலேயே குறிப்பெடுத்து, அன்றிரவே அல்லது மறுநாளே எழுதி முடிக்க வேண்டும். பக்க எண் இட்ட கட்டுப் புத்தகமே வேண்டும்; தனித் தாள் கழன்று போகும், கழற்றவும் படும். வரிகளுக்கிடையே வெற்றிடம் விடலாகாது. பிழை நேர்ந்தால் ஒரு கோடிட்டு அடித்து, மேலே திருத்தி, ஓரத்தில் சுருக்கொப்பம் இடுக. வெள்ளை மை பூசினால் அதன் கீழ் என்ன இருந்ததென்ற ஐயம் என்றும் நீங்காது. இவையெல்லாம் சிறியன. பெரியது, கையொப்பம்.

கல்வி உரிமைச் சட்டம் 2009ஆம் ஆண்டு வந்தபின், பள்ளி மேலாண்மைக் குழுவில் நான்கில் மூன்று பங்கினர் பெற்றோராகவும் பாதிப்பேர் பெண்களாகவும் இருத்தல் வேண்டுமென்று ஏற்பட்டது. வேலைக்குப் போகும் வழியில் தாய் ஒருவரை நிறுத்தி, "அம்மா, இங்கு ஒரு கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள்" என்று வெற்றுப் பக்கத்தைக் காட்டுகின்ற வழக்கத்தை நாம் சில இடங்களில் கண்டதுண்டு. பின்னர் அப்பக்கத்தில் எதையும் எழுதலாம். எழுதியது அத்தாயின் முடிவாகிவிடும்.

எழுத்து மெய்யை மட்டும் சொல்லும் என எண்ண வேண்டா. 2020ஆம் ஆண்டு கடலூர் மாவட்டத் தெற்குத் திட்டை ஊராட்சியில், நம் இனத்தைச் சேர்ந்த பெண் தலைவர் கூட்டத்தில் தரையில் அமர்த்தப்பட்ட செய்தி ஒரு நிழற்படத்தால் நாடறிந்தது. அதே ஆண்டு நம் திருவள்ளூர் மாவட்டத்திலேயே, கும்மிடிப்பூண்டியை அடுத்த ஆத்துப்பாக்கத்தில், ஊராட்சித் தலைவியான அம்மையார் சுதந்திர நாளன்று கொடியேற்றத் தடுக்கப்பட்டார். செய்தி வெளிப்பட்டபின் ஆட்சியர் முன்னிலையில் ஏற்றினார். இத்தகைய கூட்டங்களின் ஏட்டைத் திறந்தால் என்ன காண்போம்? "தலைவர் தலைமையில் கூட்டம் நடைபெற்றது" என்பதே எங்கும் எழுதப்படும் வாசகம். நாற்காலி யாருக்குக் கிடைத்தது என்பதற்கு அதில் கட்டமில்லை. ஆகையால்தான் சொல்கின்றோம்: நம்மவர் பதவியில் அமரும் ஊராட்சிகளில், படித்த இளைஞர் இருவர் உடனிருந்து, எழுதியதைப் படித்துக் காட்டிய பின்னரே அவர் கையொப்பமிடத் துணை நிற்க வேண்டும். சங்கம் அவர்களை இப்பணிக்கென ஆயத்தம் செய்ய வேண்டும்.

நம் பகுதிக்கே உரிய வேறொரு கூட்டமும் உண்டு. தொழிற்சாலையோ துறைமுக விரிவாக்கமோ வருமுன் நடைபெறும் கருத்துக் கேட்புக் கூட்டம். 2006ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையின்படி, அதற்கு 30 நாளுக்குக் குறையாத முன்னறிவிப்புத் தர வேண்டும். கூட்ட முடிவில், பேசியவற்றின் தொகுப்பை மக்களுக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்ட வேண்டும். அதன் பின்னரே அக்குறிப்பில் ஆட்சியர் தரப்பில் கையொப்பம் இட வேண்டும். நம்மவர் ஆற்றைப் பற்றியும் சாம்பலைப் பற்றியும் உள்ளம் உருகப் பேசுகின்றனர், கைத்தட்டல் பெறுகின்றனர், பேசி முடித்ததும் வெளியேறிவிடுகின்றனர். படித்துக் காட்டும் வேளையில் பந்தலில் நம்மவர் எவரும் இருப்பதில்லை. பேசுவோர் பதின்மர் சென்றால், கடைசிவரை அமர்ந்து, நாம் சொன்னது ஏறியதா எனக் கேட்க இருவரேனும் செல்லுக. பேசியதை எழுத்திலும் கொடுத்து ஒப்புகை பெறுக.

வங்கியைப் பற்றி ஒரு சொல். ஒரு சங்கத்தில் புதிய நிருவாகிகள் தேர்ந்தெடுக்கப்பட்டனர். "பழையவர்க்குப் பதில் புதியவர் கணக்கைப் பார்த்துக்கொள்வர்" என ஏட்டில் எழுதினர். எந்தக் கணக்கு, எந்தக் கிளை, யார் யார் கூட்டாகக் கையொப்பமிடுவது, முன்னவரின் அதிகாரம் எந்நாள் முதல் நீங்குகின்றது என்பன இல்லை. வங்கி அதனை ஏற்கவில்லை. மீண்டும் பொதுக்குழு கூட்ட, முன்னவருள் ஒருவர் ஒத்துழைக்கவில்லை. ஓராண்டுக்கு மேல் பணம் முடங்கிற்று. அவ்வாண்டு கல்லூரியில் சேர்ந்த மாணவியர் இருவருக்குச் சங்கம் தருவதாகச் சொன்ன கட்டணம் உரிய காலத்தில் போய்ச் சேரவில்லை. ஒருத்தி அவ்வாண்டு படிப்பை நிறுத்தினாள். ஒரு வாக்கியம் சரியாக எழுதப்படாமையின் விலை அது.

நம் சங்கத்தின் இருபத்தைந்து ஆண்டு ஏடுகளை விழாக் குழுவினர் நமக்குக் காட்டினர். முதற் சில ஆண்டுகளின் ஏடுகளில் எழுத்துப் பிழைகள் மலிந்துள்ளன. ஆயினும் நாளும் தொகையும் பெயரும் ஓரிடத்திலும் விடுபடவில்லை. நான்காம் வகுப்போடு நின்ற ஒருவர் எழுதியவை அவை என்றனர். பட்டம் பெற்றவர்கள் எழுதிய அண்மை ஆண்டு ஏடுகளில் பிழை இல்லை. சில கூட்டங்களுக்குக் கையொப்பங்களும் இல்லை. செயற்குழுவினர் இதனைக் கவனிப்பார்களாக. பழைய ஏடுகளைச் செல்லரிக்கும் முன் படியெடுத்து, மூலத்தை ஓரிடத்திலும் படியை வேறிடத்திலும் வைக்க வேண்டுகின்றோம். கணினியில் படம் பிடித்து வைத்தலும் நன்றே. மூலத்தை அதற்காகத் தூக்கியெறிந்துவிடாதீர்கள்.

தேநீர் வந்துவிட்டதாகச் செயலாளர் சைகை காட்டுகின்றார். அதன் பின் உங்கள் ஒவ்வொருவர்க்கும் இரண்டு தாள் வழங்கப்படும். இன்று காலை நடைபெற்ற செயற்குழுக் கூட்டத்தில் நீங்கள் பார்வையாளராக இருந்தீர்கள் அல்லவா? அதன் நடவடிக்கைக் குறிப்பை அரை மணி நேரத்தில் எழுதித் தாருங்கள். கட்டட வாடகை பற்றி எழுந்த கருத்து வேறுபாட்டை விட்டுவிடாமல் எழுதுங்கள். எழுதியவற்றுள் ஏற்றதொன்றைத் திருத்தி ஏட்டில் பதிந்துகொள்ளத் தலைவர் இசைந்துள்ளார்.